தூசி இல்லாத அட்டை

என்னிடம் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு அளவில், ஒரு பக்கம் பசை தடவி, அந்தப் பசையின் மேல் கண்ணாடிக் காகிதம் சுற்றிய அட்டை. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் நிறம் வெளுக்கவில்லை. அதில் ஒரு கொசு ஒட்டியிருக்கவில்லை, ஓர் ஈயின் இறகு இல்லை, இந்த ஊரின் சிவப்புத் தூசி ஒரு துணுக்குக்கூட இல்லை. தெரியாதவர்கள் பார்த்தால் கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்த சாமான் என்றுதான் நினைப்பார்கள். என் மகள் ஒருமுறை அலமாரியை ஒழிக்கும்போது, "இது எதுக்கும்மா, தூக்கிப் போட்றவா?" என்று கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பாம்பையும் பார்த்திருக்கிறேன், பிணத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வெற்று அட்டையைப் பார்த்துப் பயந்ததுபோல் நான் எதற்கும் பயந்ததில்லை.

தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவேரிப் பிரச்சினையில் பெங்களூர் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மர்பி டவுனில் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. முதல் நாள் கிளம்பும்போது அம்மா டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, "பஸ்ல வாயத் தொறந்து தமிழ் பேசிடாதடி" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தாவரவியல் பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி, ஒரு பெண்ணையும் பெற்றபிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பதவியின் பெயர் என்னவோ பெரிசு, டெக்னிகல் அசிஸ்டென்ட். ஆனால் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் புதிதாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய ஒப்பந்த வேலை. அந்த மார்ச் மாதம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

என்னை வேலைக்கு எடுத்தவர்தான் மேடம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து எனக்கு அவர் மேடம்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வெளிநாட்டில் மூலக்கூறு உயிரியல் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தவர். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கும், பூச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் சின்ன மடக்குக் கண்ணாடி. வாழையில் வரும் முடிக்கொத்து நோய்தான் அவருடைய ஆராய்ச்சி. வைரஸ் பிடித்த வாழையின் இலைகள் விரியாமல், குட்டையாக, உச்சியில் கொண்டைபோல் நெருங்கி நின்றுவிடும். அப்படி நின்ற மரம் குலை தள்ளாது. மருந்தும் கிடையாது. ஒரு தோட்டத்துக்குள் வந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகாமல் அடங்காது. மலையடிவாரத்தில் விளையும் ஒரு வாழை ரகம் இந்த நோயால் அழிந்துகொண்டிருந்தது. அதன் குருத்து நுனியில் கடுகளவு எடுத்து, கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, நோயில்லாத கன்றுகளாக மறுபடி விவசாயிகளுக்குக் கொடுப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. 

கன்று சுத்தமானது என்று எப்படித் தெரியும்? நோய் உள்ளே புகுந்தாலும் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை செடி பச்சைப்பசேலென்று சிரித்துக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் மேடம் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். இலையில் ஒரு பொட்டு எடுத்து அரைத்து, அதிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்து, புதிதாக வந்திருந்த இயந்திரத்தில் பெருக்கிப் பார்ப்பது. கடைசியில் இருட்டறையில் ஊதா வெளிச்சத்தின் மேல் வைத்தால், வைரஸ் இருக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஒளிரும். கோடு விழுந்தால் நோய். விழாவிட்டால் சுத்தம். ஐந்து வருடம் அந்தக் கோட்டின் பின்னாலேயே அலைந்தோம். கோடு விழாத செடியைத்தான் அவர் அதிகம் சந்தேகப்படுவார். மறுபடி அரை, மறுபடி பார் என்பார். நான் சலித்துக்கொண்டால் சிரிப்பார். "இருக்குன்னு சொல்றது ஈஸிம்மா, ஒரு தடவ பாத்தா போதும். இல்லன்னு சொல்றதுக்குத்தான் நூறு தடவ பாக்கணும்." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டு என்ன பயன்? காதில் ஏறியது மனதில் ஏறவில்லை.

கன்றுகள் வளர்வது வலைக்கூடத்தில். கொசுகூட நுழைய முடியாத நெருக்கமான வலை. இந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினி என்ற கறுப்புப் பூச்சி. எள்ளில் பாதி இருக்கும். அது உள்ளே வராமலிருக்க இரண்டு கதவுகள், நடுவே நான்கு அடி இடம். ஒரு கதவு மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. மஞ்சள் புடவை கூடாது. அசுவினிக்கு மஞ்சள் என்றால் ஆசை. அந்த ஆசையை வைத்தே அதைப் பிடிக்கத்தான் உள்ளே இந்த மஞ்சள் அட்டை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பழைய அட்டையை இறக்கி, கண்ணாடியால் பார்த்து எண்ணி, புத்தகத்தில் எழுதி, கண்ணாடிக் காகிதம் சுற்றித் தேதி போட்டுப் பெட்டியில் வைப்பது என் வேலை. அட்டையில் ஓர் அசுவினி இருந்தாலும் எல்லாக் கன்றுகளையும் முதலிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது. அதுதான் மேடம் போட்ட சட்டம். இரண்டு கதவுக்கும் நடுவே இருந்த அந்த இடத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் தமிழ் பேசிக்கொள்வோம். வெளியே கன்னடமும் இங்கிலீஷும். அந்த நான்கு அடிக்குள் மட்டும் வீட்டுக் கதை, பிள்ளை கதை, அவருடைய அண்ணனைப் பற்றிய கேலி எல்லாம். 

பெங்களூரில் ஆயுத பூஜைக்குப் பூஜை போடாத இடமே கிடையாது. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் தையல் மிஷினுக்கும் போடுவதுபோல ஆராய்ச்சிக்கூடத்திலும் போடுவார்கள். நுண்ணோக்கிக்குச் சந்தனப் பொட்டு, ஐஸ் பெட்டிக்கு மாலை, வாசலில் பூசணிக்காய், கதவுக்குக் கதவு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மேடம் ஒருநாளும் அதைத் தடுத்ததில்லை. சுண்டலும் பொரியும் வாங்கி வரச் சொல்வார், எல்லோரோடும் நின்று சாப்பிடுவார். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம் என்பார்: "வெளி கேட்ல என்ன வேணா கட்டுங்க. நெட் ஹவுஸ் பக்கம் வாழ மட்டும் வேணாம்." அவர் அதை வேலைக்காகச் சொன்னார். ஆனால் வருடம் போகப் போக வராண்டாவில் வேறு பேச்சு கிளம்பியது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதனால்தான் வாழை வேண்டாம் என்கிறார்கள் என்று. யார் முதலில் சொன்னார்களோ, பிறகு எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. ஊரே அப்போது அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே உடம்பு எரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பூஜைக்கு முந்தின நாள் மேடம் டெல்லிக் கூட்டத்துக்குப் போய்விட்டார். செப்டம்பரில்தான் வலைக்கூடத்தின் எல்லாக் கன்றுகளும் சோதனையில் தேறியிருந்தன. ஒரு கன்றிலும் கோடு விழவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் கொள்ளேகால் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வேன் நிறையக் கன்றுகள் போக வேண்டும். அவருடைய சோதனையின் பெயரில் வெளியே போகும் முதல் கன்றுகள் அவை. பூஜையன்று காலையில் நிலையத்துத் தோட்டக்காரர் உல்சூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு வாழைக்கன்று தோளில் சுமந்து வந்தார். எல்லாக் கதவுக்கும் கட்டிவிட்டு, வலைக்கூடத்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "மேடம் வேணாம்னிருக்காங்க" என்றேன். பின்னால் யாரோ, "வேணாங்காம என்ன பண்ணுவாங்க" என்று இழுத்தார்கள். சிரிப்பு எழுந்தது. தோட்டக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "ஏனூ ஆகல்ல பிடம்மா. ஒந்து தினா. சாமிக்குத் தானே" என்றார். ஒன்றும் ஆகாது, விடு, ஒருநாள்தானே என்று அர்த்தம்.

நான் யோசித்தது ஒன்றுதான். இன்றைக்குக் கட்டிவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகும். அவர் டெல்லியிலிருந்து வருவதற்குள் அவிழ்த்துவிடலாம். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், சத்தியமாக. நானே வாங்கி, நானே வாழைநாரில் கட்டினேன். அந்தக் கன்றுகள் குட்டையாக, இலைகள் நிமிர்ந்து, பார்க்க ஜோராக இருந்தன. அதிலேயே அழகானதாக இரண்டைப் பொறுக்கினேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஐந்து வருடம் தினமும் முடிக்கொத்து நோயைப் படித்தவள் நான். தோட்டத்தில் குலை தள்ளாது என்று தெரிந்த கன்றைத்தான் விவசாயி முதலில் வெட்டிப் பூஜைச் சந்தைக்கு அனுப்புவான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது எனக்கு வாழையாகவே தெரியவில்லை. தோரணமாகத் தெரிந்தது. மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையச் சாமந்தி வைத்து, ஆரத்தித் தட்டு உள்ளே வர வேண்டும் என்று இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். கற்பூரம் ஏற்றி, மணி அடித்து, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவரை அந்தக் கதவுகள் திறந்தே இருந்தன. 

அடுத்த திங்கட்கிழமை அட்டையை இறக்கினேன். மூலையில் மூன்று அசுவினிகள். இறகு முளைத்தவை. இறகு முளைத்தது என்றால் பறந்து வந்தது என்று பொருள். ஒட்டிக்கொண்டது மூன்று; ஒட்டாமல் செடிக்குப் போனது எத்தனையோ யாருக்குத் தெரியும்? காய்ந்துகொண்டிருந்த தோரணக் கன்றிடம் ஓடினேன். முதல் முறையாக அதை வாழையாகப் பார்த்தேன். காம்பின் அடியில், புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல்கள். மேடத்தின் நோய்ப் புகைப்படத் தொகுப்பில் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான். அந்த மாதம் என்னை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநரின் மேஜையில் இருந்தது. மேடம் எழுதி, மூன்று வருடம் நடையாய் நடந்து, அங்கே வரை கொண்டுபோன கோப்பு. புதிய அட்டை ஒன்றை எடுத்தேன். அப்படியே கண்ணாடிக் காகிதம் சுற்றி, அந்த வாரத்துத் தேதியை எழுதிப் பெட்டியில் வைத்தேன். புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பூச்சி இருந்த அட்டையைச் சேலைத் தலைப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். பசை உருகி, கறுப்பாகப் புகைந்து, வெகுநேரம் எரிந்தது. அம்மா சமையலறைக்குள் வந்து, "என்னத்தடி கொளுத்துற, நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாள்.

தோரணக் கன்றுகளை அவிழ்த்து அப்புறப்படுத்திவிட்டு, மூன்று நாள் ஒவ்வொரு கன்றின் இலையடியையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். ஒரு பூச்சியும் அகப்படவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று தோட்டக்காரரின் வார்த்தையையே ஜபித்தேன். மேடம் டெல்லியிலிருந்து வந்ததும், இரண்டு கதவுக்கும் நடுவே நின்று, வழக்கம்போல் ஒரே வார்த்தையில் கேட்டார். "கார்டு?" 

"நில், மேடம்." இங்கிலீஷ் நில், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். 

"குட்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மறுசோதனை இல்லாமல் வேன் கிளம்பியது. கன்றுகளை ஏற்றும்போது அவர் சின்னப் பெண்போல் வேனைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கூடைக்கும் சான்றிதழ் கட்டினார். கல்யாணப் பெண்ணை அனுப்புகிறவர்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட் அருகில் நின்று கையாட்டினேன். வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

டிசம்பரில் ஒரு காலை, வலைக்கூடத்தில் மிச்சம் இருந்த கன்று ஒன்றின் புதிய இலைக்காம்பில் முதல் கீறலைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஏழு கன்றுகளில். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்து ஒரு விவசாயி வந்தார். தமிழ் பேசுகிறவர், அறுபது வயது இருக்கும். சாக்கிலிருந்து ஒரு கன்றை எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்தார். இலைகளெல்லாம் உச்சியில் நெருங்கி, கைவிரலைக் குவித்ததுபோல் நின்றன. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். மெதுவாகத்தான் பேசினார். "நோவு இல்லாத கன்னுன்னு காயிதம் குடுத்தீங்களேம்மா. இருந்த பாக்கு மரத்தையெல்லாம் வெட்டிட்டு வெச்சேன். இப்ப பக்கத்துக் கொல்லைக்கும் போயிடுச்சி. என் தம்பி கொல்லைதான் அது. அவன் எங்கூடப் பேசறதில்ல." மேடம் அந்தக் கன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் தப்புதாங்க ஐயா" என்றார். நான் தண்ணீர்ச் செம்போடு கதவருகில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். எத்தனையோ அப்போதுகளில் அதுவும் ஒன்று.

அந்த வாரமே வலைக்கூடத்துச் செடிகளை அழிக்கச் சொல்லிவிட்டார். நோய் வந்த வாழையைச் சும்மா வெட்டினால் பூச்சி பறந்துவிடும். முதலில் குருத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். ஐந்து வருடத்துத் தாய்ச்செடிகள். மேடம் ஒரு பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தார், நான் மறுபக்கத்திலிருந்து. நடுவில் வந்து சேர்ந்தபோது கடைசிச் செடியின் முன்னால் இருவரும் நின்றோம். அவர் தன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் ஊற்றினேன். குருத்துக்குள் அது களகளவென்று இறங்கிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. இன்றைக்கும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் வரிசையை விட்டு வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவர் பழைய அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி பெட்டியாக, ஒவ்வொரு வாரத்து அட்டையையும் அந்த மடக்குக் கண்ணாடியால் பார்த்தார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார். கையில் ஆயுத பூஜை வாரத்து அட்டை. மற்ற அட்டைகளை மேஜையில் பரப்பியிருந்தார். அவற்றிலும் அசுவினி இல்லை; ஆனால் ஒவ்வொன்றிலும் தொட்டி மண்ணில் பிறக்கும் பொடிக்கொசு, நூல் பிசிறு, சாலையிலிருந்து வலை வழியே வந்து படிந்த சிவப்புத் தூசி. ஒரு வாரம் இந்த ஊரில் தொங்கினால் எதுவும் அப்படித்தான் ஆகும். பூச்சியை மறைத்த எனக்குத் தூசி வைக்கத் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவளுக்குச் சோறு போட மறந்துபோயிற்று. 

"இந்த வாரம் மட்டும் தூசியே இல்லையேம்மா?" என்றார்.

"பூஜைக்குத் தொடச்சோம் மேடம்" என்றேன்.

பசை தடவிய அட்டையைத் துடைக்க முடியாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஒரு செடியில் கீறல் தெரிகிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. "ஓ. சரி" என்றார். அட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு கதவுக்கும் நடுவே நாங்கள் பேசவில்லை. ஒரு கதவை மூடிவிட்டு, இன்னொன்றைத் திறக்கிறவரை, அந்த நான்கு அடியில் சும்மா நின்றோம்.

மார்ச்சில் விசாரணைக் குழு வந்தது. அவர்கள் வாதம் எளிமையானது, அதனாலேயே உடைக்க முடியாதது. பூச்சியே நுழைய முடியாத கூடம்; பூச்சி நுழையவில்லை என்று வாராவாரம் பதிவு; அப்படியும் உள்ளிருந்த கன்றுகளுக்கு நோய் வந்தது. அப்படியென்றால் நோய் முதலிலிருந்தே கன்றுகளுக்குள் இருந்திருக்கிறது. சோதனைதான் அதைக் காணவில்லை. என் 'இல்லை' என்ற ஒரு சொல்லை எடுத்துத்தான் அவர் கழுத்தில் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பதிவுப் புத்தகத்தைக் காட்டி, நீங்கள் எழுதியதா என்றார்கள். ஆமாம் என்றேன். எந்த வாரமும் பூச்சி இல்லையா என்றார்கள். "நில், சார்." குழுவில் ஒருவர், நோயாளிக்கு நோயில்லை என்று எழுதித் தருகிற சோதனையைவிடச் சோதனை இல்லாமலிருப்பதே மேல் என்றார். எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் மடியில் அந்தக் கைப்பை இருந்தது. திறந்து ஓர் அட்டையை மேஜையில் போட்டால் போதும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சோதித்த நாளில் அந்தக் கன்றுகள் சுத்தமாக இருந்தன. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். சொல்லியிருந்தால் பூஜை என்ற வார்த்தை அறிக்கையில் வந்திருக்கும். வராண்டாவில் முணுமுணுத்தவர்களுக்கு அல்வா கிடைத்ததுபோல் இருந்திருக்கும். தோட்டக்காரரின் வேலை போயிருக்கும். என் வேலை போயிருக்கும். இதெல்லாம் நானாகச் சொல்லிக்கொள்வது. ஒருவேளை, நானே எழுந்து சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்றும் தோன்றும். அப்படி நினைக்கும் நாட்களில் தூக்கம் வராது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜூன் மாதம் அவர் ராஜினாமா செய்தார்; ஜூலையில் என்னை நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது. அதில் பரிந்துரை என்ற இடத்தில் அவர் புதிதாகப் போட்ட கையெழுத்து இருந்தது. தேதியைப் பார்த்தேன். குழு வந்துபோன மறுநாள்.

அவர் அதன்பின் பிரேசர் டவுனில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் வகுப்பு எடுத்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே மாதிரிச் சோதனையை எல்லாக் கூடங்களிலும் செய்ய ஆரம்பித்தார்கள். அது சரியானது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் பெயரோடு ஒட்டியிருந்தது அந்த வேன் மட்டும்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கேக் கொடுத்தார். உடம்பு இன்னும் இளைத்திருந்தது. "மேடம், அந்த பூஜை வாரம்..." என்று ஆரம்பித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "மழ வர்ற மாதிரி இருக்கு. நீங்க கெளம்புங்க, பஸ் கெடைக்காது" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார். மூடின கதவுக்கு வெளியே நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். மன்னிப்பதற்கும் ஓர் ஆள் காது கொடுக்க வேண்டும் அல்லவா? அவர் காது கொடுக்கவில்லை.

போன வருடம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய அண்ணன் வீடு தேடி வந்து ஓர் உறையைக் கொடுத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லிருந்தா. என்னன்னு கேட்டதுக்கு, அவங்களுக்குத் தெரியும்னுட்டா" என்றார். உள்ளே கறுப்புக் கயிற்றோடு அந்த மடக்குக் கண்ணாடியும் இந்த மஞ்சள் அட்டையும். கடிதம் இல்லை. அட்டையின் பின்பக்கம், என் கையெழுத்தில் இருந்த தேதிக்குக் கீழே, பென்சிலில் இரண்டு வார்த்தைகள். 'தூசி இல்லை.' ஆராய்ச்சிக் குறிப்பு எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதுகிறவர், தமிழ் வேதாகமம் வாசிக்கப் படித்த எழுத்தில் இதை மட்டும் தமிழில் எழுதியிருந்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தால் குழுவில் யாராவது படித்திருப்பார்கள்.

இன்றைக்கு ஆயுத பூஜை. நாங்கள் இப்போது இருக்கும் அடுக்குமாடியின் கேட்டில் காலையிலேயே வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பெரிய வேலைக்குப் போகிற பிள்ளைகள் காருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்து, கன்றின் கழுத்தில், இலைக்காம்பின் அடியில் பார்த்தேன். புள்ளியும் கோடும். மடிப்புக்குள் கறுப்பாக, எள்ளில் பாதியாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. காவலாளி என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏன் நோட்தீரம்மா? பூச்சியா? ஏனூ ஆகல்ல பிடி" என்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டவர், அன்று தோட்டக்காரர் சொன்னதையே சொன்னார். 

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியை வைத்து அந்த அட்டையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பார்த்தேன். நூறு தடவை பார்த்தாலும் அதில் ஒன்றும் இல்லை. பிறகு திருப்பி, அவருடைய பென்சில் எழுத்துக்குக் கீழே, அழியாத மையில் எழுதினேன்: 'இந்த வாரம் அசுவினி மூன்று. இறகுள்ளவை. பார்த்தது நான். எரித்ததும் நான். கன்றுகள் அதுவரை சுத்தமாக இருந்தன.' கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.